ஒளியியல் படிம ஆய்வில் எந்தத் தலைப்பை எடுப்பது?

ஒளியியல் ஆய்விதழ் ஒன்றின் புதிய இதழ் வெளியானால், கட்டுரைகளின் தலைப்புக்கு முன்பே அவற்றின் முதல் படத்தைத்தான் நான் பார்ப்பேன். பெரும்பாலான கட்டுரைகளில் முதல் படம் ஆய்வு மேசையின் வரைபடமாக இருக்கும். லேசர் எங்கே, ஆடி எங்கே, கேமரா எங்கே என்று அது காட்டிவிடும். இருபது கட்டுரைகளின் முதல் படங்களை வரிசையாகப் பார்த்தாலே துறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். சில ஆண்டுகளாக அந்தப் படங்களில் மேசை சுருங்கிக்கொண்டே வருகிறது. அதன் வலப்பக்கத்தில் அடுக்கடுக்கான பெட்டிகளாக வரையப்படும் செயற்கை நரம்பு வலையமைப்பு பெருத்துக்கொண்டே வருகிறது. சில கட்டுரைகளில் மேசையே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தத் தலைப்பை எடுத்தால் கட்டுரை சீக்கிரம் வரும்?" கேட்பதில் தவறில்லை. பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும், உதவித்தொகைக்குக் கெடு இருக்கிறது, வீட்டில் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை இப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் ஒரே வாசலில் போய் முட்டிக்கொள்வார்கள். அதனால் நான் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: "எந்தத் தலைப்பில் மூலத் தரவை உங்கள் மேசையில் நீங்களே எடுக்க முடியும்?" கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்துத்தான்.

போக்கு எப்படிப் பிறக்கிறது

ஒரு தலைப்பில் திடீரென்று கட்டுரைகள் பெருகினால், ஏதோ ஒரு கருவி அண்மையில் கைக்கெட்டும் நிலைக்கு வந்திருக்கிறது என்று பொருள். கருத்து பல காலமாகவே இருந்திருக்கும். டிஜிட்டல் ஹாலோகிராபியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளிலிருந்து வரும் ஒளியை, குறிப்புக் கதிர் என்னும் இன்னொரு ஒளிக்கதிரோடு குறுக்கிடச் செய்து பதிந்து, அந்தப் பதிவிலிருந்து (ஹாலோகிராமிலிருந்து) படிமத்தைக் கணினியில் மீட்கும் முறை அது. டென்னிஸ் கபோர் ஹாலோகிராபியை 1948இல் வெளியிட்டார். லேசர் வந்தது 1960இல். லீத்தும் உபாட்னீக்ஸும் சாய்ந்த குறிப்புக் கதிர் முறையை 1962இல் தந்தார்கள். ஹாலோகிராமை மின்னணு முறையில் பதிந்து, கணினியைக் கொண்டு படிமத்தை மீட்க முடியும் என்று குட்மனும் லாரன்ஸும் 1967இலேயே காட்டிவிட்டார்கள். கருத்தளவில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஷ்னார்ஸும் யூப்ட்னரும் 1994இல் சி.சி.டி. கேமராவில் நேரடியாகப் பதிந்து மீட்டுக் காட்டும்வரை 27 ஆண்டுகள் ஆயின. கேமராவும் வேகமான கணினியும் எல்லா ஆய்வகங்களுக்கும் வந்த பிறகுதான் கட்டுரைகள் குவிந்தன.

மற்றவையும் அப்படியே. தேய்த்த கண்ணாடி, திசு போன்ற சிதறல் ஊடகத்தின் வழியே ஒளியைக் குவிக்கும் ஆய்வு பரவியதற்கு, ஒளியலையை இடத்துக்கு இடம் மாற்றியமைக்கும் திரவப் படிகப் பண்பேற்றிகள் கடையில் வாங்கக் கிடைத்தது முக்கியக் காரணம். பல அடுக்கு நரம்பு வலையமைப்புக்குத் தரவால் பயிற்சி தரும் ஆழ்கற்றலுக்கு, ஒரே நேரத்தில் பல கணக்குகளைச் செய்யும் ஜி.பி.யூ. அட்டை. பல சாய்வுகளில் ஒளி பாய்ச்சி எடுத்த மங்கலான படங்களைக் கணக்கால் இணைத்துக் கூர்மையாக்கும் ஃபூரியர் டைகோகிராபிக்கு, எழுத்து ஓடும் விளம்பரப் பலகைகளில் காணும் அதே வகை எல்.இ.டி. விளக்குச் சட்டம்.

இதைத் தெரிந்துகொண்டால் ஆய்விதழின் பொருளடக்கத்தைப் படிக்கும் விதமே மாறிவிடும். இன்று அச்சில் வரும் கட்டுரையின் வேலை ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். உங்கள் ஆய்வேடு முடிய இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆக, பொருளடக்கத்தில் இன்று உச்சத்தில் இருக்கும் தலைப்புக்கும் உங்கள் கடைசிக் கட்டுரைக்கும் இடையே ஆறேழு ஆண்டு இடைவெளி விழுகிறது. எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பவர் அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எந்தக் கருவி இப்போது மலிந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும். என் கணிப்பில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஒற்றை ஃபோட்டானையும் எண்ணும் உணரிகளை வரிசையாக அடுக்கிய கேமரா. மற்றது, முழுச் சட்டகத்தைப் பதியாமல் ஒளி மாறிய பிக்சலை மட்டும் தெரிவிக்கும் நிகழ்வுக் கேமரா.

ஆழ்கற்றல்: வேகமும் அதன் விலையும்

பலரும் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். 2017இல் 'ஆப்டிகா' இதழில் வந்த இரண்டு கட்டுரைகள் இந்தப் பாதையைத் திறந்துவிட்டவற்றில் முக்கியமானவை. சின்ஹா, பார்பஸ்டாதிஸ் குழு லென்ஸ் இல்லாமல் பதிந்த விளிம்பு விளைவுக் கோலத்திலிருந்து (ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுவதால் உண்டாகும் கோலத்திலிருந்து) பொருளை மீட்டது. ரிவென்சன், ஓஸ்கான் குழு சாதாரண நுண்ணோக்கிப் படத்தை வலையமைப்பால் கூர்மையாக்கியது. இரண்டு குழுக்களும் தங்கள் தரவைத் தங்கள் மேசையில்தான் எடுத்தன. பின்னால் வந்தவர்களில் பலர் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பின்பற்றினார்கள்.

மதிப்பாய்வுக்கு என்னிடம் வரும் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் ஒரே குறையைப் பார்க்கிறேன். ஒளி பரவும் சமன்பாட்டைக் கொண்டு கணினியில் படங்களை உருவாக்குகிறார்கள். அவற்றில் பெரும்பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார்கள். சோதனையில் வலையமைப்பு அபாரமாக வென்றுவிடுகிறது. வெல்லாமல் என்ன செய்யும்? வினாத்தாளையும் விடைத்தாளையும் எழுதியது ஒரே கை. உண்மையான கேமராவின் இரைச்சல், லென்ஸில் ஒட்டிய தூசு, கால் டிகிரி சாய்ந்த ஆடி என எதுவுமே அந்தத் தேர்வில் இல்லை.

எங்கள் ஆய்வகத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாணவி ஒருவர் எம்னிஸ்ட் என்னும் கையெழுத்து எண்களின் தொகுப்பைக் கொண்டு ஒரு வலையமைப்புக்குப் பயிற்சி தந்திருந்தார். பயிற்சிக்கு மட்டும் 60,000 படங்கள், ஒவ்வொன்றும் 28க்கு 28 பிக்சல். தேய்த்த கண்ணாடிக்கு அப்பால் எண்ணைக் காட்டினால், இந்தப் பக்கம் கேமராவில் விழும் ஸ்பெக்கிள் என்னும் பொரிப் பொரியான ஒளிக்கோலத்திலிருந்து அந்த எண்ணை வலையமைப்பு மீட்டுத் தரும். பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஒருநாள் மாலை லேசரின் மறைப்பைத் திறக்க மறந்துவிட்டார். கேமரா வெறும் இருட்டைத்தான் அனுப்பியது. திரையில் மங்கலாக ஒரு 3 வந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். எண்களை மட்டுமே பார்த்து வளர்ந்த வலையமைப்புக்கு "ஒன்றும் இல்லை" என்று சொல்லத் தெரியவில்லை. எண்ணுக்குப் பதிலாகத் திசு வெட்டு ஒன்றின் படம் அங்கே இருந்திருந்தால், இல்லாத ஓர் உட்கருவை அது வரைந்து காட்டியிருக்கும். அந்தப் படத்தை ஒரு மருத்துவர் நம்பியிருப்பார்.

அதற்காக இந்தத் தலைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வழி ஒன்று திறந்திருக்கிறது. 2020இல் 'லைட்: சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, முன்பயிற்சியே இல்லாத வலையமைப்பைக் கொண்டு ஒளியின் கட்டத்தை, அதாவது ஒளியலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, மீட்டது. அளந்த ஒரே ஒரு கோலமும் ஒளி பரவும் இயற்பியலும்தான் அதற்கு ஆதாரம். வலையமைப்பு ஊகிக்கும் பொருளை இயற்பியல் சமன்பாட்டில் மீண்டும் செலுத்தி, அது தரும் கோலம் அளந்த கோலத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்க்கிறார்கள். இந்தத் திசையில் வேலை செய்ய விரும்பும் மாணவரை நான் மனதார வரவேற்பேன்.

2019இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழுவின் நடைமுறையும் எனக்குப் பிடித்தது. வெளியிடுவதற்கு முன் நான்கு அணிகள் ஒன்றோடொன்று கலந்து பேசாமல் தனித்தனியே படத்தை மீட்டுப் பார்த்தன. நான்கிலும் வளையம் தெரிந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். கணினி மீட்டுத் தரும் படிமத்தை நம்ப எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதைத்தான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

காலக் கணக்கு என்று பார்த்தால் முதல் கட்டுரை ஓராண்டுக்குள் வந்துவிடக்கூடும். ஆனால் வலையமைப்பின் வடிவம் ஈராண்டில் பழசாகிவிடும். "வேறொரு நாள், வேறொரு மாதிரியில் எடுத்த தரவில் இது வேலை செய்கிறதா?" என்று மதிப்பாய்வாளர் கேட்டால், மேசை இல்லாதவரிடம் பதில் இருக்காது.

டிஜிட்டல் ஹாலோகிராபி: பழைய மேசை, ஆழமான பாடம்

632.8 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசர். கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மாதிரியின் வழியே அனுப்பி, மற்றதோடு கேமராவில் சேர்க்கிறீர்கள். திரையில் கறுப்பும் சிவப்புமாகக் குறுக்கீட்டுப் பட்டைகள் விழுகின்றன. இப்போது ஒரு கதிருக்கு அடியில், அதைத் தொடாமல், உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். சில நொடிகளில் கைச்சூட்டில் காற்று மேலெழும். நேராக இருந்த பட்டைகள் மெல்ல வளையும். கையை எடுத்தால் தயங்கித் தயங்கிப் பழைய இடத்துக்குத் திரும்பும். பக்கத்து அறைக் கதவை யாராவது சாத்தினால் எல்லாப் பட்டைகளும் ஒருமுறை நடுங்கும். ஒளியை வந்த வழியே திருப்பும் ஓர் ஆடி வெறும் 316 நானோமீட்டர் பின்னால் நகர்ந்தாலே ஒரு முழுப் பட்டை இடம்பெயர்ந்துவிடும். ஒளியின் கட்டம் எவ்வளவு நுட்பமான அளவுகோல் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவர் பிறகு மறப்பதில்லை.

அந்த நுட்பம்தான் இந்தத் தலைப்பின் பலம். உயிருள்ள செல் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதனால் சாதாரண நுண்ணோக்கியில் கண்ணாடிபோல் தெரிகிறது. செர்னிக்கேயின் கட்ட மாறுபாட்டு நுண்ணோக்கி அதைக் கண்ணுக்குக் காட்டியது; அதற்காக 1953இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது காட்டியது வெளிச்சமும் நிழலும் மட்டுமே, எண் தரவில்லை. ஹாலோகிராபி எண்ணைத் தருகிறது. செல்லைக் கடந்த ஒளி எவ்வளவு தாமதமாகிறது என்பதிலிருந்து அதன் உலர் நிறையை (நீர் நீங்கலான நிறையை) கணக்கிடலாம் என்று பேரர் 1952இலேயே காட்டிவிட்டார். சாயம் ஏற்றாமல், செல்லைக் கொல்லாமல், அது வளர்வதை மணிக்கணக்கில் எடைபோட முடிகிறது.

பலவீனம் நெரிசல்தான். ஒரு சுழற்சிக்குள் மடங்கிப் பதியும் கட்டத்தின் சுருக்கை அவிழ்க்க இன்னொரு அல்காரிதம், சாய்ந்த கதிர் அமைப்பில் இன்னொரு சிறு மாற்றம் என்ற அளவில் நின்றால், மதிப்பாய்வாளர்கள் "புதிதாக என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதை அளந்தீர்கள் என்பதில் புதுமை இருந்தால் கதவு எளிதில் திறக்கும். உயிரியல் ஆய்வகம் ஒன்றோடு நல்லுறவு உள்ளவருக்கு இந்தத் தலைப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த உறவு இல்லாதவர் இரண்டாம் ஆண்டில் திணறுவார்.

ஃபூரியர் டைகோகிராபி: என் முதல் தேர்வு

2013இல் ஜெங், ஹார்ஸ்ட்மெயர், யாங் மூவரும் 'நேச்சர் ஃபோட்டானிக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு மடங்கு மட்டுமே பெரிதாக்கும் எளிய பொருளருகு லென்ஸ். எவ்வளவு சாய்ந்த ஒளிவரை லென்ஸ் உள்வாங்கும் என்று சொல்லும் எண் துளை வெறும் 0.08. விளக்கை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்.இ.டி. சட்டத்தை வைத்திருந்தார்கள். அந்த லென்ஸைக் கொண்டே 0.78 மைக்ரோமீட்டர் அளவுக்குப் பகுதிறனும் (நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனும்) சுமார் 120 சதுர மில்லிமீட்டர் பரப்பும் ஒருங்கே கிடைத்தன. சாதாரணமாக இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். கூர்மையாகப் பார்க்கும் லென்ஸ் சின்னஞ்சிறு பரப்பையே காட்டும்.

செய்முறை எளிது. எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறீர்கள். ஒவ்வொன்றும் மாதிரியின்மேல் வெவ்வேறு சாய்வில் ஒளியைப் பாய்ச்சுகிறது. சாய்வு மாறும்போது, லென்ஸுக்குள் நுழைய முடியாமல் வெளியே போய்க்கொண்டிருந்த நுண்விவரங்களில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மங்கலான படங்களை எடுத்து, பரும்படி விவரங்களும் நுண்விவரங்களும் தனித்தனி இடத்தில் அமையும் ஃபூரியர் தளத்தில் ஒன்றோடொன்று சற்றே மேற்பொருந்தும்படி ஒட்டுகிறீர்கள். ஒட்டும்போது ஒவ்வொரு படத்திலும் தொலைந்துபோன கட்டத்தையும் மீட்க வேண்டும். அந்தக் கலைக்குப் பெரிய மரபு இருக்கிறது. கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் 1972இல் தந்த அல்காரிதம், ஃபீனப் 1978இல் அதைச் செம்மைப்படுத்தியது, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக ஹோப்பே 1969இல் முன்வைத்த டைகோகிராபி என்று மூன்று நீரோடைகள் இங்கே கலக்கின்றன.

நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், கருவியும் கணக்கும் இங்கே சம பங்கு கேட்கின்றன. மாணவர் இரண்டையும் கற்றே ஆக வேண்டும். எல்.இ.டி. சட்டம் ஒரு டிகிரி திரும்பியிருந்தால், மீட்ட படத்தில் சிற்றலைகள்போல வரிவரியாகக் கறை படியும். கணக்கில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. மேசைக்குப் போய்ச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிறகு அந்தத் திருப்பத்தையே அறியாத ராசியாக வைத்துக் கணக்கே கண்டுபிடிக்கும்படி எழுதலாமே என்று தோன்றும். அப்படித் தோன்றும் இடத்தில்தான் ஆய்வுக் கட்டுரை பிறக்கிறது. அதிர்வைப் பற்றி ஹாலோகிராபி அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை, லேசரும் தேவையில்லை. செலவும் குறைவு.

குறைகளும் உண்டு. மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த திசுவில் அடிப்படைக் கணக்கு பொய்த்துவிடும். நூறு படம் எடுப்பதற்குள் உயிருள்ள செல் நகர்ந்துவிடும். அந்த இரண்டு குறைகளைச் சுற்றித்தான் இன்று வேலை நடக்கிறது. பல விளக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றிப் படங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, தடித்த மாதிரிக்கு முப்பரிமாணக் கணக்கு எழுதுவது, நானோ தூண்கள் பதித்த மெட்டாபரப்பு, எக்ஸ் கதிர் என்று வேறு களங்களோடு சேர்ப்பது எல்லாம் இன்னும் முடிந்தபாடில்லை. முன்பு சொன்ன ஆழ்கற்றலும் இங்கே உதவிக்கு வரும். ஆனால் தரவு உங்களுடையது.

சிதறல் ஊடகம், மெட்டாலென்ஸ், பிற

வெல்லெகூப்பும் மோஸ்க்கும் 2007இல் ஒளி ஊடுருவாத வெண்பூச்சு ஒன்றின் வழியே ஒளியைக் குவித்துக் காட்டினார்கள். உள்ளே போகும் அலைமுகத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் கட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, மறுபக்கத்தில் ஒரு புள்ளி பிரகாசமாகும்வரை சரிசெய்தார்கள். சுற்றியுள்ள சிதறலைவிட 1000 மடங்குவரை அந்தப் புள்ளி ஒளிர்ந்தது. இதைச் செய்யும்போது திரையில் ஸ்பெக்கிள் குழம்பின் நடுவிலிருந்து ஒரே ஒரு புள்ளி மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்ப்பது ஒளியியலில் கிடைக்கும் பெரிய இன்பங்களில் ஒன்று. 2012இலும் 2014இலும் ஸ்பெக்கிளின் புள்ளியியல் ஒற்றுமையைக் கொண்டே மறைந்த பொருளின் உருவத்தை மீட்கும் வழிகள் வந்தன.

ஆசை காட்டும் தலைப்புதான். ஆனால் பண்பேற்றிக்கு ஆகும் செலவு பெரிது; தேய்த்த கண்ணாடி அசையாமல் இருக்கும், உயிருள்ள திசுவோ மில்லி நொடிகளில் மாறிவிடும். கண்ணாடியில் வேலை செய்ததைத் திசுவில் செய்து காட்ட முயன்றே பல ஆய்வேடுகளின் பின்பாதி கரைந்திருக்கிறது. கருவி ஏற்கெனவே இருக்கும் ஆய்வகமும் ஐந்தாண்டுப் பொறுமையும் இருந்தால் மட்டும் எடுங்கள்.

நானோ தூண்கள் பதித்த தட்டையான பரப்பால் ஒளியைக் குவிக்கும் மெட்டாலென்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2011இல் கபாசோ குழு ஒளிவிலகல் விதியின் பொது வடிவத்தைத் தந்தது. 2016இல் டைட்டானியம் டை ஆக்ஸைடு தூண்களால் கண்ணுறு ஒளிக்கான லென்ஸைச் செய்தது. எலக்ட்ரான் கற்றை கொண்டு நானோ அளவில் செதுக்கும் தூய்மை அறை உங்களுக்கு எட்டுமானால் சிறந்த தலைப்பு. எட்டாதவர் வடிவமைப்புக் கணக்கோடு நின்றுவிடுவார். செய்து பார்க்காத லென்ஸின் கட்டுரைக்கு வரவேற்பு குறைந்துகொண்டே வருகிறது. வழக்கமான பகுதிறன் எல்லையைத் தாண்டும் மீப்பகுதிறன் நுண்ணோக்கி 2014இல் நோபல் பரிசு பெற்றது; இன்று அதன் பெரும்பகுதி உயிரியலாளர் கைக்குப் போய்விட்டது. ஒளியால் திசுவின் உள் அடுக்குகளைப் படமெடுக்கும், 1991இல் பிறந்த ஓ.சி.டி. கண் மருத்துவமனைகளில் அன்றாடக் கருவி ஆகிவிட்டது. இவ்விரண்டிலும் புதியவர் நுழைய மருத்துவமனையோ உயிரியல் துறையோ பக்கபலமாக இருக்க வேண்டும்.

எந்த இதழுக்கு அனுப்புவது

தலைப்பு முடிவானதும் அடுத்த குழப்பம் இதழ். தாக்கக் காரணி என்னும் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. இரண்டே ஆண்டுச் சாளரம். வேகமாக மேற்கோள் குவியும் தலைப்புக்கு அது சாதகம். கருவி கட்டி, அளந்து, மெதுவாக எழுதும் தலைப்புக்குப் பாதகம்.

அந்தச் சாளரத்துக்குள் அடங்காத கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். எஸ். பஞ்சரத்தினம் 1956இல் முனைவாக்கப்பட்ட ஒளியின் கட்டம் பற்றி இந்திய அறிவியல் அகாதமியின் நடவடிக்கை இதழில் எழுதினார். பெர்ரி 1984இல் வடிவியல் கட்டத்தை (நிலை மாறிச் சுற்றி வந்த பாதையின் வடிவத்தால் சேரும் கட்டத்தை) குவாண்டம் இயற்பியலில் நிறுவிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று மெட்டாலென்ஸ் செய்பவர்கள் நானோ தூண்களைத் திருப்பித் திருப்பி வைப்பது பஞ்சரத்தினத்தின் கட்டத்தை நம்பித்தான். ஸ்டெஃபான் ஹெல்லும் விக்மனும் 1994இல் பகுதிறன் எல்லையை உடைக்கும் கருத்தை வெளியிட்டது 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில், சில பக்கங்களில். வெல்லெகூப், மோஸ்க் கட்டுரையும் அதே இதழில் வந்ததுதான். துறைக்காரர்கள் படிக்கும் இதழில் இருந்ததால் அவை வாழ்ந்தன.

எனவே நான் பார்ப்பது இரண்டு: கட்டுரையின் உருவம், அதைப் படிக்க வேண்டியவர் யார். ஒரே கருத்து, ஒரே தெளிவான சோதனை என்றால் 1977 முதல் வரும் 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்' பொருத்தம். அதன் நான்கு பக்க வரம்பு எழுதுபவரை ஒழுங்குக்குக் கொண்டுவரும். கருவியைக் கட்டி, அளவுதிருத்தி, மற்ற முறைகளோடு ஒப்பிட்டிருந்தால் 1962இல் தொடங்கிய 'அப்ளைடு ஆப்டிக்ஸ்'. ஃபீனப் இரண்டையும் செய்தார். 1978இல் கருத்தைச் சிறு கட்டுரையாக 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்'இல் வெளியிட்டார். 1982இல் கட்ட மீட்பு அல்காரிதங்களின் விரிவான ஒப்பீட்டை 'அப்ளைடு ஆப்டிக்ஸ்'இல் எழுதினார். எங்கள் மாணவர்கள் இன்றும் திறந்து வைத்துக்கொண்டு நிரல் எழுதுவது இரண்டாவதை. படங்களும் காணொளிகளும் நிறைய இருந்து, யார் வேண்டுமானாலும் படிக்க வேண்டும் என்றால் 1997 முதல் திறந்த அணுகலில் வரும் 'ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்'. ஆனால் வெளியீட்டுக் கட்டணத்தை யார் தருவார்கள் என்பதை அனுப்புவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். செல், திசு என்றால் 2010இல் தொடங்கிய 'பயோமெடிக்கல் ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்'. கணக்கே கட்டுரையின் உயிர் என்றால் மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ. 2015இல் தொடங்கிய கணிப்புப் படிமமாக்கல் இதழ். அங்கே மதிப்பாய்வாளர்கள் கணித நிறுவலைக் கேட்பார்கள், மேசையைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. தாக்கக் காரணி உயர்ந்த ஓர் இதழுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினோம். ஏழு மாதம் கழித்து, "பரந்த வாசகருக்கு ஆர்வமூட்டாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குள் வேறொரு குழு ஏறக்குறைய அதே வேலையை வெளியிட்டுவிட்டது. மாணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு துறைக்குரிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கே ஒரு மதிப்பாய்வாளர் எங்கள் அளவுதிருத்தத்தில் இருந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். மூன்று வாரம் உட்கார்ந்து திருத்தினோம். வெளிவந்த கட்டுரை முதலில் எழுதியதைவிட எவ்வளவோ நல்ல கட்டுரை. அந்தப் பிழையோடு பெரிய இதழில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பதைக்கிறது.

ஆக, யாருக்கு எது

மேசை உண்டு, பணம் குறைவு, நிரல் எழுதவும் பிடிக்கும் என்றால் ஃபூரியர் டைகோகிராபி. பக்கத்தில் உயிரியல் ஆய்வகம் இருந்து, மேசையில் நாள் முழுவதும் நிற்கப் பிடிக்கும் என்றால் டிஜிட்டல் ஹாலோகிராபி. பண்பேற்றியும் காலமும் கையில் இருந்தால் சிதறல் ஊடகம். தூய்மை அறை இருந்தால் மெட்டாலென்ஸ். மேசையே இல்லாத இடத்தில் இருப்பவர் ஆழ்கற்றலை எடுக்கலாம். ஆனால் அளந்த தரவைத் தரக்கூடிய ஒரு குழுவோடு முதல் ஆண்டிலேயே கைகோத்துவிட வேண்டும். பொதுவில் கிடைக்கும் எண்களின் தொகுப்பை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் ஆறு வாரம் ஒதுக்குங்கள். மனதில் உள்ள தலைப்பில் ஒரு பழைய கட்டுரையை எடுத்து, அதன் ஒரே ஒரு படத்தை உங்கள் கையால் மறுபடி உருவாக்கிப் பாருங்கள். ஃபூரியர் டைகோகிராபியில் மாதிரித் தரவும் நிரலும் பொதுவில் கிடைக்கின்றன; முதல் இரண்டு வாரம் அவற்றை வைத்துப் பழகிவிட்டு, மூன்றாம் வாரம் உங்கள் எல்.இ.டி. சட்டத்துக்கு மாறலாம். எந்த இடத்தில் படம் கட்டுரையில் உள்ளதுபோல் வராமல் அடம்பிடிக்கிறதோ, அதை நாள், நேரம், அறை வெப்பநிலையோடு குறிப்பேட்டில் எழுதி, வழிகாட்டியிடம் எடுத்துச் செல்லுங்கள்.